எல்லாம் இருமலுக்கு உள்ளதுதானே?

சென்ற வாரம் என் மகளுக்கு வளைகாப்பு. வளையல் ஓசை கேட்கப் போன இடத்தில் ஒரு மருந்துப்புட்டியைக் கண்டு உறைந்துபோய்த் திரும்பியிருக்கிறேன். அந்த அதிர்ச்சி இன்னும் அடங்கவில்லை. அடங்கிவிட்டால் எழுத மாட்டேன் என்பதால் இப்போதே எழுதிவிடுகிறேன்.

மகள் தேன்மொழி வாழ்க்கைப்பட்ட ஊர், பரளச்சிக்கு அருகில் ஒரு சிற்றூர். சம்பந்தி வேலுச்சாமி மானாவாரி விவசாயி. கம்பும் பருத்தியும் கொத்தமல்லியும் மாறிமாறி விளையும் கரிசல் காடு அவருக்கு உண்டு. ஆள் பேச்சில் சிக்கனம், உபசரிப்பில் ஊதாரி. என் வண்டி அவர் வாசலில் நிற்பதற்குள் கதவைத் திறந்து, என் கையிலிருக்கும் பையைப் பிடுங்கிக்கொள்வதுதான் அவர் வழக்கம்.

அன்று அவர் வரவில்லை. மருமகன் கண்ணன்தான் வந்து பையை வாங்கினார்.

பந்தலுக்குள் நுழைந்த பிறகே சம்பந்தியைப் பார்த்தேன். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றியில் சந்தனம், எல்லாம் முறைப்படி. முகம் மட்டும் முறைப்படி இல்லை. நாற்காலியின் விளிம்பில், பரீட்சை எழுதப் போகிறவர்போல அமர்ந்திருந்தார். "வாங்க சம்மந்தி" என்றார். எழுந்தார். பாதியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அடுத்த சில நிமிடங்களில் வீட்டுக்குப் பின்னால் இருந்த வேலிப்பக்கம் போனார். திரும்பி வந்தார். மறுபடியும் போனார்.

உறவினர் கூட்டத்தில் இதைக் கவனிக்க ஓர் ஆள் இல்லாமலா இருப்பார்? சோலை இருந்தார். வேலுச்சாமியின் தங்கை கணவர். கேலிக்கென்றே பிறந்த வாய்.

"என்ன மச்சான், வேலி காஞ்சு போச்சுன்னு தண்ணி பாய்ச்சுறீகளா?"

"சும்மா கெடலே சோலை" என்றார் வேலுச்சாமி. அந்தக் குரலில் கோபம் இல்லை, வலி இருந்தது. சிரித்துக்கொண்டிருந்த எவருக்கும் அது கேட்கவில்லை. எனக்கும் கேட்கவில்லை என்பதே உண்மை.

முன்கதையைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பக்கம் மல்லி அறுவடை முடிந்து அடிப்பு நடக்கும் காலம் இது. காய்ந்த மல்லிச் செடியை அடிக்கும்போது கிளம்பும் தூசி இருக்கிறதே, மணமாகத்தான் இருக்கும். மார்புக்குள் போய்க் குடியேறிவிடும். வேலுச்சாமிக்கு இருமல் பிடித்துக்கொண்டது. நெஞ்சில் சளி கட்டி, மூக்கும் அடைத்துவிட்டது. வளைகாப்பு அன்று வாசலில் நின்று வரவேற்க வேண்டியவர், வருகிறவர்கள் முகத்திலேயே இருமிக்கொண்டு நிற்க முடியுமா? ஆகவே மனைவி முத்தம்மாள் கொடுத்த இருமல் டானிக்கைக் குடித்தார். அதுவும் போதாதென்று, திருச்சுழிக்குப் போன இடத்தில் ஒரு மருந்துக்கடையில் "சளிக்கு ஒரு செட்டு குடுங்க" என்று கேட்டு, தாளில் மடித்துத் தந்த மாத்திரைகளையும் விழுங்கினார். விழா அன்று காலை இரண்டையும் சேர்த்தே உட்கொண்டார். இருமல் அடங்கியது.

அதனோடு இன்னொன்றும் அடங்கிவிட்டது. காலையிலிருந்து அவருக்குச் சிறுநீர் பிரியவில்லை.

இதை அவர் யாரிடம் சொல்வார்? வீடு நிறையப் பெண்கள். வாசல் நிறையச் சம்பந்தி வீட்டார். மனைவியிடம் மட்டும் கிசுகிசுத்திருக்கிறார். முத்தம்மாளுக்குக் காரணம் உடனே புலப்பட்டுவிட்டது. சூடு! கரிசல் காட்டில் பங்குனி வெயிலில் நின்றவருக்கு வேறென்ன வரும்? சூட்டுக்கு மருந்து என்ன? தண்ணீர்!

ஊறவைத்த வெந்தயம் வந்தது. மோர் வந்தது. எலுமிச்சைச் சாறு வந்தது. கால் பெருவிரலில் விளக்கெண்ணெய் தடவப்பட்டது. எப்படியோ செய்தி சோலையின் காதுக்கும் எட்டியிருக்கிறது. அவர் பங்குக்கு ஒரு சொம்பு நீர்மோரைக் கொண்டுவந்து, குடித்து முடிக்கும்வரை அருகிலேயே காவல் நின்றார். நாங்கள் வரிசையில் கொண்டுபோன இளநீரில் ஒன்றைச் சீவி, விவரம் தெரியாமல் நானே என் கையால் நீட்டினேன். சம்பந்தி நீட்டியதைச் சம்பந்தி மறுக்கலாமா? கண்ணை மூடிக்கொண்டு குடித்தார்.

கண்மாய்க்கு நீர் நிறைய வந்தால் கலுங்கு வழியாக வெளியே போய்விடும். மனித உடலுக்குக் கலுங்கு கிடையாது. மடையும் அடைத்துக்கொண்ட நிலையில், ஆளாளுக்கு வாய்க்கால் வெட்டி அவருக்குள் நீரைத் திருப்பிவிட்டுக்கொண்டிருந்தோம்… அன்போடு!

உள்ளே தேன்மொழிக்கு வளையல் அடுக்கத் தொடங்கியிருந்தார்கள். பக்கத்தில் ஐவகைச் சோறு தயாராக இருந்தது. புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறு, தயிர்ச்சோறு, சர்க்கரைப்பொங்கல். முத்தம்மாள் அந்த இடத்தில் ஒரு தளபதி. புளிச்சோற்றுக் கரண்டியை யாரோ ஒரு பெண் தயிர்ச்சோற்றுக்குள் விட்டுவிட, அவர் போட்ட அதட்டலில் பந்தலே ஒரு கணம் நின்றது. "கலந்துட்டா ரெண்டும் கெட்டுப்போகும், தெரியாதா?" என்றார். இந்த வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அது பிறகுதான் உறைத்தது.

நான் வெளியே வந்தபோது வேலுச்சாமி பந்தற்காலைப் பற்றிக்கொண்டு நின்றார். சட்டை முழுவதும் வியர்வை. உதட்டில் மட்டும் வரவேற்கும் புன்னகை அப்படியே ஒட்டியிருந்தது. அருகே போய், என்ன செய்கிறது என்று கேட்டேன். சுற்றும் முற்றும் பார்த்தார்.

"சம்மந்தி, காலையில இருந்து ஒண்ணுக்கு வரல. வயிறு வெடிச்சிரும்போல இருக்கு. பொம்பளையாளுகளுக்குத் தெரிய வேணாம். வளையல் போட்டு முடியட்டும்."

அவர் கையைப் பிடித்தேன். சில்லிட்டிருந்தது. அடிவயிறு, உள்ளே பானையைக் கவிழ்த்து வைத்ததுபோலக் கல்லாக நின்றது. வளையல் போட்டு முடியும்வரை இந்த மனிதர் நிற்க மாட்டார் என்று புரிந்துவிட்டது. கண்ணனை அழைத்தேன்.

அருப்புக்கோட்டைக்கு வண்டி பறந்தது. பறந்தது என்று சொல்லக்கூடாது. வேகத்தடை தோறும் நின்று நின்று ஊர்ந்தது. ஒவ்வொரு வேகத்தடையிலும் வேலுச்சாமியின் தொண்டையிலிருந்து ஒரு முனகல். முன்னிருக்கையில் கண்ணனோடு நான். பின்னால் சம்பந்தியின் தலையைத் தோளில் தாங்கியபடி முத்தம்மாள். அவர் மடியில் ஒரு மஞ்சள் பை. அதற்குள் என்ன இருக்கிறது என்று அப்போது நான் எண்ணிப் பார்க்கவில்லை.

மருத்துவமனையில் இருந்தவர் ஓர் இளம் பெண் மருத்துவர். அவரைக் கண்டதும் வேலுச்சாமி, தமக்கு ஒன்றுமில்லை, சும்மா சூடுதான் என்று எழ முயன்றார். "அப்பா, படுங்க" என்றார் அந்தப் பெண். வயிற்றில் கைவைத்துப் பார்த்தார். இரத்த அழுத்தம் பார்த்தவர் புருவத்தை உயர்த்தினார். ஆண் செவிலியர் ஒருவர் வந்து திரையை இழுத்தார். குழாய் செருகப்பட்டது.

சற்று நேரத்தில் திரைக்குப் பின்னாலிருந்து ஒரு பெருமூச்சு. அப்படியொரு மூச்சை நான் எந்த மனிதரிடமும் கேட்டதில்லை. உள்ளே போனபோது கட்டிலில் தொங்கிய பை நிறைந்துகொண்டே இருந்தது. வேலுச்சாமியின் கண்ணோரம் ஈரம்.

"உசுரு வந்துருச்சு சம்மந்தி" என்றார்.

இத்தோடு முடிந்திருந்தால் இந்தப் பத்தியே எழுதியிருக்க மாட்டேன்.

மருத்துவர் கேள்விகளைத் தொடங்கினார். சமீபத்தில் என்ன மருந்து உட்கொண்டீர்கள்? நாங்கள் ஒருவரையொருவர் பார்த்தோம். பிரஷர் மாத்திரை என்றார் கண்ணன். வேறு? வேறொன்றுமில்லை என்றார் வேலுச்சாமி. அவர் பொய் சொல்லவில்லை. இருமலுக்குக் குடிப்பதை நம்மில் யார் மருந்துக் கணக்கில் சேர்க்கிறோம்? அது டானிக்கு. அது வேறு சாதி!

அந்த நேரம் பார்த்து அவருக்கு இருமல் வந்தது. உடனே முத்தம்மாள் மஞ்சள் பைக்குள் கைவிட்டு ஒரு பெரிய புட்டியை எடுத்தார். மூடியைத் திருகினார். மூடி நிறைய ஊற்றி, குழாயோடு படுத்திருக்கும் கணவர் வாயருகே கொண்டுபோனார். நானும் கண்ணனும் அருகிலேயே நின்றுகொண்டிருக்கிறோம். எங்களில் ஒருவருக்கும் அது விபரீதமாகத் தோன்றவில்லை.

"அம்மா, அது என்ன?"

"இருமல் டானிக்கு டாக்டரம்மா. குடிக்கிற நேரம் ஆச்சு, அதான்."

மருத்துவர் அந்த மூடியையும் புட்டியையும் வாங்கினார். புட்டியை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். லேபிளைப் படித்தார். மறுபடி உள்ளே பார்த்தார். லேபிளின்படி அந்த மருந்து சிவப்பாக இருக்க வேண்டுமாம். உள்ளே இருந்ததோ, கருப்பட்டிப் பாகுபோல ஒரு பழுப்பு. அடியில் பச்சையாக ஏதோ படிந்திருந்தது.

"இதுல என்ன ஊத்தியிருக்கீங்க?"

முத்தம்மாள் தயங்காமல் சொன்னார். அவருக்குத் தயங்க என்ன இருக்கிறது? ஒளிக்கும்படியாக அவர் எதுவும் செய்துவிடவில்லையே.

"வீட்டுல கெடந்ததுதான். ஒவ்வொரு பாட்டில்லயும் கொஞ்சம் கொஞ்சம் மிச்சம் இருந்துச்சு. இவுகளுக்கு வாங்கினது, கண்ணனுக்கு வாங்கினது, சோலை அண்ணன் வீட்டுல குடுத்தது. எல்லாத்தையும் இதுல ஊத்தி வச்சிட்டேன். எல்லாம் இருமலுக்கு உள்ளதுதானே? எல்லாத்துலயும் நெஞ்சுப் படம் போட்டிருக்குல்ல."

மருத்துவர் புட்டியைத் தமது மேசையில் வைத்தார். வெடிகுண்டை வைப்பதுபோல மெதுவாக.

எனக்குக் கோபம் வரவில்லை. வரவும் முடியாது. குழாயில் தண்ணீர் வரும் நாளில் அந்த ஊரில் பாருங்கள். புதுத் தண்ணீர் பிடிக்கும் முன்பு, ஒவ்வொரு குடத்தின் அடியிலும் மிஞ்சியிருப்பதை ஒரே அண்டாவில் சேர்த்துவிட்டுத்தான் குடத்தைக் கழுவுவார்கள். ஒரு சொட்டும் மண்ணுக்குப் போகாது. வானம் பார்த்த பூமியில் வாழ்ந்து பழகிய கை அது. மிச்சம் என்றாலே ஒன்றுசேர்க்கும். தண்ணீருக்குச் சரி. ஆனால் மருந்து?

அந்த மருத்துவர் எங்களுக்கு விளக்கியதை என் மொழியில் சொல்கிறேன். கடையில் கிடைக்கும் இருமல் மருந்துகள் பலவும் கூட்டு மருந்துகள். ஒரே புட்டிக்குள் மூன்று, நான்கு மருந்துகள் குடித்தனம் நடத்துகின்றன. சளியை இளக்குவது ஒன்று. இருமலை அடக்குவது ஒன்று. மூக்கடைப்பைத் திறப்பது ஒன்று. மூக்கொழுகலை உலர்த்துவது இன்னொன்று. சளியை இளக்கி, இருமி வெளியேற்று என்று ஒரு மருந்து சொல்லும்போது, இருமாதே என்று இன்னொன்று வாயைப் பொத்தினால் நெஞ்சுக்குள் இருக்கும் சளி எங்கே போகும்? முத்தம்மாளின் புட்டிக்குள் இவ்விரண்டும் இருந்திருக்கலாம். அதற்கு மேலும் என்னென்னவோ இருந்திருக்கலாம். எது, எவ்வளவு என்று எந்தப் பெரிய மருத்துவராலும் பார்த்துச் சொல்ல முடியாது.

மூக்கடைப்பைத் திறக்கும் மருந்து மூக்கோடு நிற்பதில்லையாம். இரத்த அழுத்தத்தையும் ஏற்றும். சிறுநீர்ப்பையின் வாயையும் இறுக்கும். மூக்கை உலர்த்தும் மருந்து தூக்கத்தை வரவழைக்கும். சிறுநீர்ப்பை சுருங்கும் வலுவையும் குறைக்கும். வயதான ஆண்களுக்குப் புராஸ்டேட் சுரப்பி வீங்கியிருந்தால், இந்த இரண்டும் சேர்ந்து கதவைச் சாத்தித் தாழும் போட்டுவிடும். வேலுச்சாமிக்கு வீக்கம் கொஞ்ச காலமாகவே இருந்திருக்கிறது. சிறுநீர் சொட்டுச்சொட்டாகப் போகிறது என்பதை வயதின் குறும்பு என்று எண்ணி, யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறார். புட்டியில் இருந்தவையே திருச்சுழி மாத்திரைகளிலும் இருந்திருக்க வேண்டும் என்றார் மருத்துவர். ஒரே மருந்து, இரண்டு வேடம். இரண்டு மடங்கு. அதற்கு மேல் எங்கள் இளநீரும் மோரும்! இன்னும் தாமதித்திருந்தால் சிறுநீரகத்தையே பாதித்திருக்கும் என்றும் சொன்னார். நான் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தேன்.

உட்கார்ந்தவனை எழுப்பியது அவருடைய அடுத்த கேள்வி.

"இதை வேற யாராவது குடிச்சாங்களா?"

முத்தம்மாள் என்னைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். அதுவரை நிமிர்ந்திருந்த குரல் முதன்முறையாகத் தாழ்ந்தது.

"நேத்து பிள்ளைக்கும் இருமலா இருந்துச்சு. ஒரு மூடி ஊத்திக் குடுத்தேன்."

பிள்ளை என்றால் என் பிள்ளை. வயிற்றில் ஒரு பிள்ளையைச் சுமந்துகொண்டு, இரு கை நிறைய வளையலோடு பரளச்சிப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தேன்மொழி.

கைபேசியில் அவள் பெயரைத் தேடினேன். நான் தேடி முடிப்பதற்குள் கண்ணன் வாங்கி அழைத்துக் கொடுத்தார். மாமா எப்படி இருக்கிறார் என்று அவள் கேட்க, நலம் என்று சொல்லிவிட்டு, நேற்று அத்தை கொடுத்த மருந்தைக் குடித்தாயா என்று கேட்டேன். வளையல் குலுங்க அவள் கூட்டத்தை விட்டு விலகி நடப்பது கேட்டது.

"அப்பா… அத்தைகிட்டச் சொல்லிராதீங்க. வாசனை குமட்டுச்சு. அவுக அந்தப் பக்கம் திரும்பினதும் ரோசாச் செடியில ஊத்திட்டேன்."

பெரியவர்கள் கொடுப்பதை மறுக்கக்கூடாது என்று சொல்லிச் சொல்லி வளர்த்த மகள். அவள் மறுக்கவில்லைதான். ஊற்றிவிட்டாள்! என் வளர்ப்பு தோற்றதற்காக நான் மகிழ்ந்த முதல் நாள் அதுவே.

மருத்துவரிடம் சொன்னேன். அவரும் மூச்சு விட்டார். முத்தம்மாளிடம் மட்டும், பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது என்று பொதுவாகச் சொல்லிவைத்தேன். அவர் கட்டிலின் காலடியில் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கணவருக்குக் குழாய் செருகியபோதுகூட அழாத பெண்மணி.

வாசக நண்பர்களே, உங்கள் வீட்டு அலமாரியை ஒருமுறை திறந்து பாருங்களேன். போன குளிர்காலத்து இருமல் மருந்து ஒன்று, பிசுபிசுத்த மூடியோடு நின்றுகொண்டிருக்கிறதா இல்லையா? யாருக்கு வாங்கியது, எப்போது திறந்தது… தெரியுமா? தெரியாதென்றால் அதைத் தூக்கி எறிந்துவிடுங்கள். ஒருவருக்கு எழுதித் தந்ததை இன்னொருவருக்கு ஊற்றாதீர்கள். சின்னக் குழந்தைகளுக்குப் பெரியவர்கள் மருந்தை "பாதி மூடி" கணக்கில் கொடுப்பது கணக்கே அல்ல. மருத்துவர் சொல்லாமல் குழந்தைக்கு எதுவுமே வேண்டாம். டானிக்கும் மாத்திரையும் சேர்த்து விழுங்கும் முன்பு, இரண்டிலும் ஒரே மருந்து இருக்கிறதா என்று கடைக்காரரைக் கேளுங்கள். கேட்பது நம் உரிமை. காய்ச்சல் மாத்திரைக்கும் இதே விதிதான். சளி மாத்திரைக்குள் அதுவும் ஒளிந்திருக்கக் கூடும்.

கடையில் நின்று "சளிக்கு ஒரு செட்டு" என்று மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். பிரஷர் இருக்கிறது, சர்க்கரை இருக்கிறது, கர்ப்பமாக இருக்கிறாள், சிறுநீர் சரியாகப் போவதில்லை என்று கூச்சப்படாமல் சொல்லுங்கள். குடித்தால் தூக்கம் வருமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வருமென்றால் அன்று வண்டிச் சாவியைத் தொடாதீர்கள். மூச்சு வாங்கினாலோ, சளியில் இரத்தம் கண்டாலோ, இருமல் வாரக்கணக்கில் நீண்டாலோ எந்தப் புட்டியும் வேண்டாம். நேரே மருத்துவரிடம் போங்கள். லேபிளில் உள்ள எழுத்து, எறும்புக்கு அச்சடித்ததுபோல அத்தனை சிறியது என்பது எனக்கும் தெரியும். நானும் என் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முயன்று தோற்றவன்தான். படிக்க முடியவில்லையென்றால் படிக்கத் தெரிந்தவரைக் கேட்போம். நெஞ்சுப் படத்தை நம்பி நெஞ்சுக்குள் எதையும் ஊற்ற வேண்டாம்.

நேற்று சம்பந்தியைப் பார்க்கப் போயிருந்தேன். குழாய் எடுத்தாகிவிட்டது. புராஸ்டேட்டுக்கு மருந்து தொடர்கிறது. என் வண்டி நின்றதும் கதவைத் திறந்து பையைப் பிடுங்கினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இடையில் அவர் லேசாக இருமினார். நான் திடுக்கிட்டு முத்தம்மாளைப் பார்த்தேன். அவர் உள்ளே போய் வெந்நீர் கொண்டுவந்தார். வெந்நீர் மட்டும்!

"டானிக்கெல்லாம் கொட்டியாச்சு சம்மந்தி" என்றார், நான் கேட்காமலேயே. என் நெஞ்சு குளிர்ந்தது. திண்ணமாகச் சொல்கிறேன், அந்தக் கணத்தில் உலகமே திருந்திவிட்டதாகத் தோன்றியது.

புறப்படும்போது ஒரு துணிப்பையைக் கொடுத்தார். பிறக்கப்போகும் பேரனோ பேத்தியோ, அந்தக் குழந்தைக்கு உடம்பில் தேய்க்க விளக்கெண்ணெயாம். அவர்கள் காட்டு ஆமணக்கு, அவரே காய்ச்சியது. பரளச்சி தாண்டிய பிறகு, வண்டியின் பின்னிருக்கையில் ஆசையாக எடுத்துப் பார்த்தேன்.

அதே புட்டி. மருத்துவர் மேசையிலிருந்து எப்போது கேட்டு வாங்கிவந்தாரோ, பளிச்சென்று கழுவி, எண்ணெய் நிரப்பி, மூடியை இறுகத் திருகியிருந்தார். லேபிள் மட்டும் அப்படியே இருந்தது.

அருப்புக்கோட்டை வரும்வரை கட்டைவிரல் நகத்தால் சுரண்டிக்கொண்டே வந்தேன். எழுத்தெல்லாம் போய்விட்டது, அந்த நெஞ்சுப் படம்தான் போகமாட்டேன் என்கிறது.